காரின் உட்புறத்துக்குப் புதுத் தோல்: மூடி, கியர் பூட், கதவுக் கைத்தாங்கி, ஸ்டீயரிங் – முழுமையான வழிகாட்டி

ஏழெட்டு வருடம் ஓடிய ஒரு ஹேட்ச்பேக்கில் பெயிண்ட் இன்னும் பளபளவென்று இருக்கும். கதவைத் திறந்து உட்கார்ந்தால்தான் வயது தெரியும். ஸ்டீயரிங்கில் பிசுபிசுப்பு, கியர் லீவரின் அடியைச் சுற்றியுள்ள கியர் பூட்டின் மடிப்புகளில் வெடிப்பு, கதவுக் கைத்தாங்கியிலும் முன் சீட்டுகளுக்கு நடுவில் உள்ள கைத்தாங்கி மூடியிலும் முழங்கை பட்ட இடம் மட்டும் வெளுப்பு. சீட்டைத் தொடாமல் இந்த நான்கு பாகங்களை மட்டும் மாற்றினாலே உள்புறம் வேறு காராகத் தெரியும். சீட் கவர் கடையில் முழு உட்புறத்துக்கும் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் செலவாகும்.

புதிதாகச் செய்பவர்கள் வழக்கமாக ஸ்டீயரிங்கில் ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் அந்த உறை ஊசி நூலோடு வந்துவிடுகிறது. நான்கிலும் கடினமானது அதுதான். நடு மூடி, கியர் பூட், கதவு, கடைசியில் ஸ்டீயரிங் என்ற வரிசையில் போங்கள். மூடியில் கோணல் வந்தால் அரை அடி ரெக்சின் வீண், அவ்வளவுதான். ஸ்டீயரிங்கில் கோணல் வந்தால் தினமும் கண் முன்னால் நிற்கும்.

1. கை வைக்கக் கூடாத இடங்கள்

உறை வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். முன் பயணி பக்க ஏர்பேக் 2021 ஏப்ரலில் புது மாடல்களுக்கும், அந்த ஆண்டு டிசம்பர் 31 முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களிலும் மேல் வேரியன்ட்களில் ஏர்பேக் இருக்கும்.

ஸ்டீயரிங்கின் நடுவில் உள்ள ஹாரன் பேடின் மேல் தோல் ஒட்டவே கூடாது. பேடின் பின்புறத்தில் கிழிவதற்கென்றே மெலிதாக்கிய கோடுகள் இருக்கும். மேலே ஒரு மில்லிமீட்டர் தோலும் பசையும் சேர்ந்தால் அது விரியும் நேரமும் திசையும் மாறிவிடும். டேஷ்போர்டில் பயணிக்கு எதிரே உள்ள பகுதிக்கும் இதேதான். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் தைத்திருந்தால் அந்த சீட்டுக்கு முழு உறை போடாதீர்கள். அதன் பக்கவாட்டுத் தையல் பிரிந்துதான் பை வெளியே வர வேண்டும்.

மஞ்சள் நிற கனெக்டர் எங்கே தென்பட்டாலும் அதைக் கழற்றாதீர்கள். ஏர்பேக் ஒயர்களின் அடையாளம் அது. ஸ்டீயரிங்கைக் கழற்றித் தைத்தால் சுலபம் என்று சில வீடியோக்களில் காட்டுவார்கள். கழற்றாமலே தைக்க முடியும். கழற்றினால் உள்ளே சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற ஒயர்ச் சுருள் இடம் மாறி, ஹாரனும் ஏர்பேக்கும் சேர்ந்து போகும் ஆபத்து உண்டு.

2. அளவு: கார் பெயரை நம்ப வேண்டாம்

ஒரே பெயரில் மூன்று தலைமுறை ஓடுகிறது, ஒரே தலைமுறையில் இரண்டு விதமான ஸ்டீயரிங் வருகிறது. அதனால் மாடல் பெயர் போட்ட உறையானாலும் டேப் வைத்து அளந்த பிறகே வாங்குங்கள். தையற்காரர் வைத்திருக்கும் துணி டேப் வேண்டும். இரும்பு டேப் வளைவில் படியாது.

ஸ்டீயரிங்கில் மூன்று அளவுகள் தேவை. முதலாவது வெளி விட்டம்: இந்தப் பக்க வெளி விளிம்பிலிருந்து அந்தப் பக்க வெளி விளிம்பு வரை. சிறிய கார்களில் பெரும்பாலும் 36 முதல் 38 செ.மீ. வரும். இரண்டாவது பிடியின் சுற்றளவு. இதை 12 மணி இடத்திலும் 9 மணி இடத்திலும், கட்டைவிரல் தங்கும் புடைப்பு இருந்தால் அங்கேயும் தனித்தனியாக எடுக்கவும். மூன்றாவது, நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் ஒவ்வொரு கம்பியும் விளிம்பைத் தொடும் இடத்தின் அகலம். இந்த மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுவார்கள். உறையில் உள்ள திறப்பு கம்பியைவிடக் குறுகலாக இருந்தால் அந்த இடத்தில் தோல் குவிந்து சுருக்கம் விழும், பிறகு எப்படி இழுத்தாலும் போகாது.

கீழ்ப்பகுதி தட்டையாக இருக்கும் ஸ்டீயரிங்குக்கு வட்ட உறை வாங்கவே வாங்காதீர்கள். அடியில் மீந்துபோகும் இரண்டு மூன்று செ.மீ. தோலை ஒளித்துவைக்க இடமில்லை.

கியர் பூட்டுக்கு அடிச்சட்டத்தின் நீளம், அகலம், அங்கிருந்து நாப்பின் (கியர் லீவரின் மேல் உள்ள கைப்பிடி) கழுத்து வரை உயரம் ஆகியவற்றை எடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து உயரம் அளப்பதில்தான் தவறு நடக்கிறது. ரிவர்ஸிலும் ஐந்தாவதிலும் போட்டு, சட்டத்தின் எதிர்மூலையிலிருந்து கழுத்து வரை அளந்து, வரும் நீளங்களில் பெரியதை எடுத்துக்கொள்ளவும். மூடிக்கும் கதவுக்கும் மேல்பரப்பின் நீள அகலத்தோடு நான்கு பக்கமும் 3 செ.மீ. கூட்டிக்கொண்டால் போதும்.

3. எந்தத் தோல், எதற்கு

ரெக்சின் என்று நாம் பொதுவாகச் சொல்வது பி.வி.சி. பூசிய துணி. மீட்டர் கணக்கில் விற்கும், அகலம் வழக்கமாக 54 இஞ்ச். மலிவு, தண்ணீர் பட்டாலும் கவலையில்லை. வெயிலில் நாளாக நாளாக அதன் மென்மையூட்டி ஆவியாகி விறைப்பாகும். மூடிக்கும் கதவுக்கும் இது தாராளமாகப் போதும்.

பி.யு., அதாவது பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல், தொட்டால் அசல் போலவே இருக்கும், விலையும் குறைவு. ஆனால் மேல்பூச்சு ஈரப்பதத்தில் மெல்ல மெல்லச் சிதைந்து செதில் செதிலாக உரியும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அந்த உரிதல் சீக்கிரம் வரும். கை வேர்வை எப்போதும் படும் ஸ்டீயரிங்குக்கு இதைத் தவிர்ப்பது நல்லது.

மைக்ரோஃபைபர் தோல் இவற்றில் நடுத்தரம். அடியில் நெசவுத் துணிக்குப் பதில் பஞ்சு போன்ற நுண்ணிழைப் பரப்பு இருப்பதால் நான்கு பக்கமும் இழுபடும், வளைவில் படியும். நிஜத் தோல் ஸ்டீயரிங்குக்கும் கியர் பூட்டுக்கும் நன்றாக உழைக்கும். அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: ஒழுங்கற்ற நார்நாராக இருந்தால் தோல், துணியின் குறுக்கு நெடுக்கு இழைகள் தெரிந்தால் பூச்சுத் துணி. "ஒரிஜினல் லெதர்" என்ற ஸ்டிக்கரைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

தடிமன் ஸ்டீயரிங்குக்கு 1.0 முதல் 1.3 மி.மீ., கியர் பூட்டுக்கு 0.8 முதல் 1.0 மி.மீ. அதைவிடத் தடித்த தோலில் பூட் தைத்தால் மடிப்பு விழாமல் குடை போல விறைத்து நிற்கும். சென்னையில் பெரியமேட்டில் தோல் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும். நான்கு பாகத்துக்கும் முழுத் தோல் வேண்டாம். வெட்டுத் துண்டுகள் கேட்டு வாங்கினால் பாதி விலையில் வேலை முடியலாம். ரெக்சினும் ஃபோமும் எந்த ஊர் குஷன் கடையிலும் இருக்கும்.

4. கையில் இருக்க வேண்டியவை

வேலையைத் தொடங்கிய பிறகு கடைக்கு ஓடினால், பசை காய்ந்துவிடும். முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை:

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 250 மி.லி., நார் உதிராத வெள்ளைத் துணி, 180, 320 எண் உப்புத்தாள், 5 மி.மீ. ஃபோம், மூடியின் அளவுக்குச் சற்றுப் பெரிதாக. ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற சிந்தெடிக் ரப்பர் பசை 200 மி.லி., அதற்கு ஒரு பழைய பிரஷ், பிளாஸ்டிக் நெம்புகோல், உங்கள் காரின் டோர் பேடுக்கான (கதவின் உள்பக்கப் பேனல்) கிளிப் குறைந்தது 6, கேபிள் டை, மாஸ்கிங் டேப், 6 மி.மீ. பின் போடும் ஸ்டேப்ளர், மழுங்கிய முனை ஊசி 2, 0.8 மி.மீ. மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல், ஹேர் ட்ரையர்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் காரணம் சொல்ல வேண்டும். பருத்தி நூல் வேண்டாம், வேர்வையில் ஊறி ஒரு வருடத்துக்குள் இற்றுப்போகும். மரவேலைக்கு வைத்திருக்கும் வெள்ளை ஃபெவிகாலும் வேண்டாம். அது தண்ணீர் உறிஞ்சும் பரப்பில் பிடிப்பது. பிளாஸ்டிக்கில் தகடாகக் காய்ந்து அப்படியே உரிந்து வரும்.

5. சுத்தம்: பாதி வேலை இங்கேதான்

ஒட்டிய தோல் மூன்று மாதத்தில் எழும்பினால் எல்லோரும் பசையைத் திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் டேஷ்போர்டு பாலிஷ். வாட்டர் வாஷ் கடைகளில் வண்டி கொடுக்கும்போதெல்லாம் உள்ளே பளபளவென்று அடித்துவிடும் அந்தத் திரவத்தில் சிலிகான் இருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது.

முதலில் சோப்புத் தண்ணீர் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியைத் திருப்பி மீண்டும் துடைக்கவும். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசுகிறீர்கள். துணியில் கறை வருவது நிற்கும் வரை விடாதீர்கள். தின்னர், பெட்ரோல் பக்கம் போக வேண்டாம், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மேல்பரப்பு உருகிக் குழையும்.

அடுத்து, பாகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, அச்சில் வார்த்த சிறு எழுத்துகளைப் பாருங்கள். என்ன பிளாஸ்டிக் என்று அதில் எழுதியிருக்கும். ஏ.பி.எஸ். என்றால் பசை நன்றாகப் பிடிக்கும். பி.பி., அதாவது பாலிபுரொப்பிலீன் என்றால் எந்தச் சாதாரணப் பசையும் நம்பத்தக்கதல்ல. கதவுப் பேனல்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். அதற்கு 180 எண் தாளால் கரகரப்பாக்கி ஒட்டுங்கள், ஆனால் பிடிமானத்தைப் பசையிடம் விடாதீர்கள். விளிம்பை பின்பக்கம் மடித்து ஸ்டேப்ளர் அல்லது ஸ்க்ரூவுக்கு அடியில் சிக்கவைக்க வேண்டும். இந்தச் சிறு எழுத்துகளைப் படிக்காமல் ஒட்டியவர்களின் வேலைதான் முதல் கோடையிலேயே கழன்று தொங்குகிறது.

6. நடு கைத்தாங்கி மூடி

மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். இரண்டு அல்லது நான்கு ஸ்க்ரூ எடுத்தால் உள்தட்டு பிரியும், மேல் பேட் தனியாக வரும். பழைய உறையின் பின்களை டெஸ்டரால் நிமிர்த்தி ஒவ்வொன்றாக எடுக்கவும். உறையைக் கிழிக்க வேண்டாம், அதுதான் உங்கள் வெட்டு அச்சு.

பழைய ஃபோம் அழுத்தினால் மாவாக உதிர்ந்தால் சுரண்டி எடுத்துவிட்டு 5 மி.மீ. புது ஃபோம் வையுங்கள். உதிராவிட்டால் அதன்மேல் கை வைக்க வேண்டாம். பழையதன் மேல் புதிதும் சேர்த்தால் மூடி சரியாகப் பூட்டாது, தாழ்ப்பாள் எட்டாது.

ரெக்சினை இரு கைகளாலும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் அதிகம் இழுபடும். அந்தத் திசை மூடியின் அகலத்தில் வரவேண்டும், ஏனென்றால் வளைவு அங்கேதான். பேடைக் கவிழ்த்து வைத்து, முன் விளிம்பின் நடுவில் ஒரு பின், பின் விளிம்பின் நடுவில் ஒன்று, பிறகு இடது நடு, வலது நடு. இந்த நான்கையும் அடித்துவிட்டு நடுவிலிருந்து மூலையை நோக்கி நகருங்கள். ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றி வந்தால் மிச்சச் சுருக்கம் எல்லாம் கடைசி மூலையில் வந்து சேரும்.

மூலைகளில் தோலை ஹேர் ட்ரையரால் கை தாங்கும் சூடு வரை இளக்கி, உள்ளே தெரியாத பகுதியில் ஆப்பு வடிவில் இரண்டு துண்டு வெட்டி எடுத்து மடியுங்கள். வெட்டு, விளிம்புக்கு 8 மி.மீ. முன்பே நின்றுவிட வேண்டும். பசை அடிப்பக்க விளிம்புக்கு மட்டும். ஃபோமின் மேல் பிரஷ்ஷால் பசை தடவினால் ஒவ்வொரு கோடும் காய்ந்த பின் கட்டியாக மேலே தெரியும்.

7. கியர் பூட்

வண்டி சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இருக்கட்டும். நாப்பை எதிர்கடிகாரத் திசையில் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் அது திருகு வகை. அரைச் சுற்றில் உறுதியாக நின்றுவிட்டால் அழுத்திப் பொருத்திய வகை, நேராக மேலே இழுக்க வேண்டும். முகத்தை நாப்புக்கு மேலே வைத்துக்கொண்டு இழுக்காதீர்கள். அது வரும்போது வேகமாகத்தான் வரும். பல ஹூண்டாய் கார்களில் ரிவர்ஸுக்குத் தூக்கும் வளையம் இருக்கும். அதன் அடியில் பூட் எப்படிக் கட்டியிருக்கிறது என்று கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வைக்கவும்.

அடிச்சட்டத்தை பிளாஸ்டிக் நெம்புகோலால் பின்பக்கத்திலிருந்து கிளப்பினால் கிளிப்கள் விடும். டெஸ்டரை விட்டு நெம்பினால் கன்சோலில் நிரந்தரப் பள்ளம். பூட்டைச் சட்டத்திலிருந்து பிரித்து, தையல்களை பிளேடால் அறுத்து, துண்டுகளைத் தட்டையாக்குங்கள். அவற்றை அப்படியே புதுத் தோலின் அடிப்பக்கத்தில் வைத்துப் பேனாவால் வரையவும். பழைய துண்டில் தையலுக்கு விட்ட ஓரம் இருந்தால் கூடுதல் வேண்டாம். இல்லாவிட்டால் 8 மி.மீ. சேர்க்கவும். அசல் பூட் இறுக்கமாக இருந்தது என்று தெரிந்தால் மட்டும் உயரத்தில் 1 செ.மீ. கூட்டுங்கள்.

தையல் மெஷினில் தோலுக்கான 16 அல்லது 18 எண் ஊசி, தையல் நீளம் 4 மி.மீ. சின்னத் தையல் போட்டால் ஓட்டைகள் நெருங்கித் தபால்தலை போலக் கிழியும். குண்டூசி குத்தாதீர்கள், அந்த ஓட்டை மூடாது. துணி கிளிப் போதும். மெஷினின் பாதம் தோலில் ஒட்டி நகராவிட்டால் கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள். மெஷின் இல்லாதவர்கள் வெட்டிய துண்டுகளை பை தைக்கும் கடையில் கொடுத்தால் கால் மணி நேர வேலை. அச்சு வெட்டுவதுதான் திறமை, தைப்பது அல்ல.

பொருத்தும்போது சட்டத்தின் நான்கு பக்க நடுவிலும் தோலின் நான்கு பக்க நடுவிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு ஒன்றோடொன்று சேருங்கள். கழுத்துப் பகுதியில் பூட்டை உள்பக்கம் வெளியாகத் திருப்பி கேபிள் டை கட்டி, பிறகு கீழே உருட்டிவிட்டால் கட்டு வெளியே தெரியாது.

நாப்பை மாட்டும் முன் கிளட்சை மிதித்து, என்ஜின் அணைந்த நிலையில், எல்லாக் கியரையும் ரிவர்ஸையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கையை எடுங்கள். எந்தக் கியரிலும் தோல் கம்பி போல இறுகக் கூடாது. இறுகிய பூட், ஓடும்போது கியர் லீவரை எப்போதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். குறிப்பாக ரிவர்ஸ் சரியாக விழவில்லை என்று கியர்பாக்ஸைச் சந்தேகிக்கும் நிலை வரும்.

8. கதவுக் கைத்தாங்கி

இரண்டு வழி உண்டு. பேடின் விளிம்பைச் சுற்றி 1 மி.மீ. அளவுக்காவது இடுக்கு இருந்தால் டோர் பேடைக் கழற்றாமலே தோலை மேலே ஒட்டி, விளிம்பை இடுக்குக்குள் திணிக்கலாம். இடுக்கே இல்லாமல் ஒரே வார்ப்பாக இருந்தால், பின்னாலிருந்து ஸ்க்ரூ போட்ட பேடா என்று பார்க்க டோர் பேடை எடுத்தாக வேண்டும்.

எடுப்பதற்கு முன் கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றிவிடுங்கள். ஸ்விட்ச் கனெக்டரைக் கழற்றிய பிறகு மழை வந்தால் ஏற்ற வழியில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையை விலக்கி சில நிமிடம் விடவும். இழுக்கும் கைப்பிடியின் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, உள்ளே திறக்கும் கைப்பிடியின் பின்னால் ஒரு ஸ்க்ரூ, இவை மூடி போட்டு மறைந்திருக்கும். பிறகு கீழ் விளிம்பிலிருந்து கிளிப்களை ஒவ்வொன்றாக விடுவித்து, பேடை மேல்நோக்கித் தூக்க வேண்டும். பழைய கார்களில் ஒன்றிரண்டு கிளிப் உடையத்தான் செய்யும். அதற்குத்தான் ஆறு வாங்கியது. உடைந்ததை விட்டுவிட்டு மாட்டினால் கதவு கடகடவென்று பேசிக்கொண்டே வரும்.

உள்ளே கதவு உலோகத்தின் மேல் கறுப்புப் பிசினால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதைக் கிழிக்காதீர்கள், கிழித்துவிட்டு டேப் ஒட்டாமல் மூடாதீர்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீரை உள்ளே வரவிடாமல் தடுப்பது அந்தத் தாள்தான். ஐப்பசியில் கால்மிதியின் அடியில் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் தேடுபவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

ஒட்டும் முறை: முதலில் பசையில்லாமல் தோலை வைத்து, நடுக்கோட்டை மாஸ்கிங் டேப்பில் குறிக்கவும். இரு பரப்பிலும் மெல்லிய பசைப் பூச்சு. துணிப் பக்கம் பசையை உறிஞ்சுவதால் அங்கே மட்டும் இரண்டாவது பூச்சு. 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் நூல் இழுக்காமல், லேசாக மட்டும் பிடிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே சிக்கிய கரைப்பான் வெயிலில் ஆவியாகிக் கொப்புளமாக எழும். ஒட்டிய பின் நகர்த்த முடியாது. அதனால் நடுக்கோட்டில் மட்டும் வைத்து அழுத்தி, அங்கிருந்து இரு பக்கமும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போகவும். விளிம்பைத் திணிக்கப் பழைய ஏ.டி.எம். அட்டை அருமையான கருவி.

இந்தப் பசையின் ஆவி தலைசுற்ற வைக்கும், தீப்பிடிக்கும். நான்கு கதவையும் திறந்து வைத்து நிழலில் செய்யுங்கள். தொடர்மழை நாளில் இந்த வேலை வேண்டாம். காயும் பசையின் மேல் காற்றின் ஈரம் படிந்தால் பிடிப்பு பாதியாகும்.

9. ஸ்டீயரிங்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். முதல் முறை மூன்று நான்கு மணி நேரம் சர்வசாதாரணம்.

பரப்பைத் தயார் செய்தல். பிசுபிசுப்பு இருந்தால் ஆல்கஹாலால் துணி கறுப்பது நிற்கும் வரை துடைக்கவும். உரிந்த இடங்களில் 320 எண் தாளால் ஓரங்களைச் சமன் செய்யுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் ஒவ்வொரு மேடும் விரலுக்குத் தெரியும். ஹாரன் பேடையும் பட்டன்களையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள்.

உறையை இளக்குதல். உறையை அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள். நிஜத் தோலானால் அடிப்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்தும் இளக்கலாம். காயும்போது இறுகிப் பிடிக்கும். நனைக்க வேண்டாம், தெளித்தால் போதும்.

வைத்துப் பார்த்தல். சக்கரம் நேராக இருக்கும்போது உறையின் இணைப்புத் தையல் சரியாக 6 மணியில் வரவேண்டும், கம்பித் திறப்புகள் கம்பிகளில் உட்கார வேண்டும். 12, 3, 6, 9 மணி இடங்களில் சாதாரணத் தையல் நூலால் தற்காலிகக் கட்டு போடுங்கள். இந்த நான்கு கட்டுகளைத் தவிர்ப்பவர்களின் உறைதான் தைக்கத் தைக்க ஒரு பக்கமாக நகர்ந்து, கடைசிக் கம்பியில் 2 செ.மீ. தள்ளி நிற்கும்.

இப்போது உள்விளிம்பில் இரண்டு ஓரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கையால் இழுக்காத நிலையில் 2, 3 மி.மீ. இருந்தால் சரியான அளவு. தைத்து இறுக்கும்போது மூடிவிடும். 8 மி.மீ.க்கு மேல் என்றால் உறை சிறியது, தையல் நூல் அறுந்துவிடும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பெரியது. அந்த உறையை அப்படியே திருப்பிக் கொடுங்கள். தளர்ந்த உறை வளைவில் கைக்குள் சுழலும், அது அழகுக் குறை அல்ல, விபத்து.

நூல். இரண்டு ஊசி குறுக்குத் தையலுக்கு, தைக்கும் நீளத்தைப் போல் ஏழு மடங்கு நூல் வேண்டும். 25 செ.மீ. பகுதிக்கு ஏறத்தாழ 1.75 மீட்டர். முழு வட்டத்துக்கும் ஒரே நூல் கோக்காதீர்கள்; சிக்கு விழும், ஒவ்வொரு இழுப்பிலும் மெழுகு தேய்ந்து நூல் பஞ்சாகும். கம்பிக்குக் கம்பி தனித்தனி நூல். மேல் பகுதி நீளமானது என்பதால் அதை 12 மணியில் பிரித்து இரண்டாகத் தைக்கவும்.

தைத்தல். கடையில் வாங்கும் உறையின் இரு ஓரத்திலும் ஏற்கெனவே ஒரு வரிசை தையல் ஓடியிருக்கும். ஊசி அந்தத் தையல் கண்ணிகளுக்கு அடியில் நுழைய வேண்டும், தோலைக் குத்தக் கூடாது. குத்தினால் இறுக்கும்போது அந்த ஓட்டையிலிருந்து ஓரம் வரை கிழிந்துவிடும். அதனால்தான் மழுங்கிய ஊசி. நூலின் நடுவை முதல் கண்ணிகள் இரண்டிலும் உள்ளிருந்து வெளியே எடுத்து, இரு முனையும் சம நீளம் ஆக்குங்கள். பிறகு இடது ஊசி வலது ஓரத்தின் அடுத்த கண்ணிக்கு, வலது ஊசி இடது ஓரத்தின் அடுத்த கண்ணிக்கு. எப்போதும் இடது நூலே மேலே வரவேண்டும். ஒரு இடத்தில் மாறினாலும் பெருக்கல் குறி வரிசையில் அந்த ஒன்று மட்டும் கண்ணைக் குத்தும்.

ஒவ்வொரு தையலையும் உடனே இறுக்க வேண்டாம். ஆறேழு தையல் தளர்வாகப் போட்டு, ஊசியின் பின்முனையால் முதலிலிருந்து ஒவ்வொரு சுற்றையும் கிளப்பி இழுத்து இறுக்குங்கள். தோலைக் கட்டைவிரல்களால் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே நூலை இழுக்க வேண்டும். நூலின் பலத்தில் தோலை இழுக்கக் கூடாது. இரு பக்கக் கண்ணிகளையும் அவ்வப்போது எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு கண்ணி தவறினால், அடுத்த பத்துத் தையலுக்குள் தோல் முறுக்கிக்கொள்வது தெரியும். தெரிந்ததும் பிரித்துவிடுங்கள், போகப் போகச் சரியாகாது.

கம்பிகளில். தற்காலிகக் கட்டை அந்த இடம் வந்ததும் அறுங்கள். திறப்பின் ஓரத்துத் தோலை கம்பிக்கும் அதன் பிளாஸ்டிக் மூடிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் அட்டையால் தள்ளுங்கள். இடுக்கு இல்லாத இடத்தில் மெல்லிய டபுள் சைடு டேப். இங்கே ரப்பர் பசை வேண்டாம், வழிந்தால் பட்டன்களுக்குள் இறங்கும்.

முடிச்சு. இரட்டை முடிச்சு போட்டு, முனையை 3 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டர் சூட்டைத் தொலைவிலிருந்து காட்டினால் பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். அதை ஊசியால் தோலுக்கு அடியில் தள்ளிவிடவும்.

ஓட்டும் முன் சோதனை. இரு கைகளாலும் துணி பிழிவது போல் பிடியை முறுக்குங்கள். உறை நகரக் கூடாது. என்ஜினை இயக்கி, நின்ற இடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி, தோல் எதுவும் இண்டிகேட்டர் லீவரையோ வைப்பர் லீவரையோ உரசவில்லை என்று பாருங்கள். ஹாரன் அடித்துப் பாருங்கள். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் வண்டியை நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள், நீங்களாக எதையும் பிரிக்க வேண்டாம்.

10. முதல் வாரமும் பிறகும்

ஒட்டிய பாகங்கள் 24 மணி நேரம் நிழலில் காயட்டும், கண்ணாடியை விரல் அளவு இறக்கி வையுங்கள். அதற்குள் வெயிலில் மூடி நிறுத்தினால் அரைகுறையாகக் காய்ந்த பசை மீண்டும் இளகி விளிம்புகள் எழும்பும்.

ஸ்டீயரிங் தோல் ஒரு வாரத்தில் கொஞ்சம் தளர்வது இயல்பு. 12 மணிப் பகுதியை மட்டும் ஒருமுறை இறுக்க வேண்டி வரலாம். அதனால் அங்கே உள்ள முடிச்சின் முனையை முதல் வாரம் உருக்காமல் விட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

சானிடைசர் கையோடு ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுதான் தோலின் மேல்பூச்சுக்கு முதல் எதிரி. கை காயட்டும், பிறகு பிடியுங்கள். சுத்தம் செய்ய ஈரத்துணி, பிறகு உலர்துணி. நிஜத் தோலுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை லெதர் கண்டிஷனர் பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், வழுக்கும், தூசி பிடிக்கும். மழைக்காலத்தில் வண்டி நாட்கணக்கில் மூடியே நின்றால் நிஜத் தோலில் வெள்ளைப் பூஞ்சை வரும். உலர்துணியால் துடைத்துவிட்டு, வெயில் வந்த அன்று கதவுகளைத் திறந்து வைத்தால் போதும்.

மேற்கூரைத் துணி தொங்குவதையும் டேஷ்போர்டின் மேல்பகுதி வெடிப்பதையும் இதே பசையோடு வீட்டில் முயல வேண்டாம். கூரைக்கு முழுப் பலகையையும் வெளியே எடுக்க வேண்டும், டேஷ்போர்டில் ஏர்பேக் இருக்கிறது. கூரையைச் சீட் கவர் கடையிலும் டேஷ்போர்டை சர்வீஸ் சென்டரிலும் கொடுத்துவிடுங்கள்.